பூதம் எப்போது ஓடலாம்?

மனிதகுலம் இதுவரை இயற்றியிருக்கும் சட்டங்களிலேயே உயர்ந்தது, பூதங்கள் எப்போது ஓடலாம் என்பதைப் பற்றிய சட்டம்தான். சொத்துரிமை, சாலைவிதி, வருமான வரி எல்லாம் அதற்கு அப்புறம். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். மில்லிகிராம் கணக்கில் யோசித்துப் பழகியவள்.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என் தம்பி மூலம். தம்பி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவன். வாரம் முழுவதும் ஊரார் வசவு அவன் காதில் விழும். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து ஒரு அட்டையை மடித்து முன்னால் நிறுத்திவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்து ஓர் உலகத்தையே ஆளுவான். மலை, கோட்டை, பாதாளம், பூதம் எல்லாம் அவன் வாயிலிருந்து புறப்படும். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி அவற்றோடு சண்டை போடுவோம். அதில் நான் வைத்தியக்காரி, அங்கேயும் மருந்துதான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் திருடன். "தொழிலை மாத்திக்க வேண்டாம்னு விட்டுட்டேன்" என்பான் தம்பி.

புகார்ப் பிரிவின் மேலாளர் என் கணவர். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை தம்பியின் விதி அவர் கையில்.

என் கணவரைப் போன்ற கடமைவீரரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நானே அதிகம் பார்த்ததில்லை, அவர் வீட்டில் இருந்தால்தானே! கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் கடலைப் பார்க்கப் போவதாக இருக்கிறோம். வருஷா வருஷம் டிக்கெட் எடுப்போம். கிளம்பும் நாளில் எங்காவது நான்கு மெஷின்கள் சேர்ந்தாற்போலத் தண்ணீர் கக்கும். அவர் ஆபீசுக்கு ஓடுவார். நான் பெட்டியைப் பிரித்து, புடவைகளைத் திரும்ப அடுக்குவேன். இந்த வருஷம் அவரே போய் டிக்கெட் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "இந்தத் தடவை சத்தியமா" என்றார். போன தடவையும் அதே சொல்தான். ஆனால் இந்தத் தடவை கண்ணைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை ரயில்.

அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் இருக்க நேர்ந்தது. ஆபீசில் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடித்துப் பூட்டிவிட்டார்கள். பூச்சிகள் ஒரே நாளில் வெளியேறிவிட்டன என்று கேள்விப்பட்டு, கொஞ்சம் பொறாமையோடுதான் அந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டேன். வேறு போக்கிடமில்லாமல் கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தவரை, "ஒரு கை குறையுது மாமா, வாங்க" என்று தம்பி இழுத்து உட்காரவைத்து, வாளேந்திய வீரனாக்கினான்.

"எதிர்ல எட்டு குட்டிப் பூதம். பாலத்தை மறிச்சு நிக்குது."

"அதுங்களுக்கு டார்கெட் என்ன?" என்று கேட்டார் என் கணவர்.

"உங்களைக் கொல்றது."

"பரவாயில்லையே. தெளிவா இருக்கே."

வீரன் வாளைச் சுழற்றினான். அதிர்ஷ்டம், பூதங்களின் தலைவன் முதல் வெட்டிலேயே விழுந்தான். தம்பி இரண்டு பகடையை எடுத்து உருட்டினான். ஒன்பது.

"போச்சு. மத்த ஏழும் ஓடுது" என்றான்.

"எங்கே ஓடுது?"

"வீட்டுக்கு."

"மணி நாலுகூட ஆகலையே!"

"தலைவன் செத்துட்டான்ல மாமா. பயந்துருச்சு. உங்க வீரன் இப்ப என்ன பண்றான்?"

"பின்னாடியே போய்க் கூப்பிடறான். வாங்க, உக்காந்து பேசிக்கலாம்னு சொல்றான்."

"அதுங்க உங்களைக் கொல்ல வந்தது மாமா."

"அது வேற விஷயம். எடுத்த வேலையைப் பாதியில போட்டுட்டுப் போறது தப்பு."

பல் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தம்பி பொறுமையாகச் சட்டத்தை விளக்கினான். ஒவ்வொரு வகைப் பூதத்துக்கும் மன உறுதி எண் என்று ஒன்று உண்டு. தலைவன் விழுந்தாலோ கூட்டத்தில் பாதி விழுந்தாலோ ஆட்டம் நடத்துபவன் இரண்டு பகடையை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் பூதங்கள் ஓடலாம். தாண்டாவிட்டால் நின்று சண்டை போட வேண்டும். குட்டிப் பூதத்துக்கு ஏழு. ஒன்பது விழுந்தது. ஓடிவிட்டன. அவ்வளவுதான்.

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள். அடி விழுந்ததும், 'இன்னும் இருக்கிறாயா, கிளம்புகிறாயா?' என்று ஒரு பூதத்தைக் கேட்கிறார்கள். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆட்டம் பாதாள அறைக்கு இறங்கியது. அங்கே எலும்புக்கூடுகள். வீரன் ஒன்றை நொறுக்கினான், மற்றவை நின்றன. பாதியை நொறுக்கினான், மீதி நின்றன. தம்பி பகடையைத் தொடவே இல்லை.

"உருட்டலியா?"

"தேவையில்லை மாமா. இதுங்களுக்குப் பன்னிரண்டு. ரெண்டு பகடையில பன்னிரண்டைத் தாண்ட முடியாதே. எப்பவும் ஓடாது."

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கண் பளபளத்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அந்தப் பளபளப்பு இல்லை.

"இதுதான்யா டீம்! ஏன் மச்சான், இதுங்க மட்டும் எப்படி ஓடாம நிக்குது?"

தம்பி வாயைத் திறந்தான். அதற்குள் போன் அடித்தது. மருந்து காய்ந்துவிட்டதாம், ஆபீசைத் திறந்துவிட்டார்களாம். பதிலைக் கேட்காமலே என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் பகடைகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை புகார்ப் பிரிவில் 'மன உறுதிச் சோதனைத் திட்டம்' அமலுக்கு வந்தது. ஆளுக்கொரு எண், சட்டையில் ஒரு பேட்ஜ். வாடிக்கையாளர் குரலை உயர்த்திக் கத்தினால் அது 'தாக்குதல்'. தாக்குதலுக்கு உள்ளானவர் மேலாளர் முன்னிலையில் பகடை உருட்டலாம். தன் எண்ணைத் தாண்டி விழுந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். இப்படி ஒரு சலுகை கொடுத்தால் யாரும் போகமாட்டார்கள், பெருமைக்காகவே நிற்பார்கள் என்பது அவர் கணிப்பு. எண்களை நேர்மையாகத்தான் போட்டார். 'பாறை' என்று பெயரெடுத்த சூப்பர்வைசருக்கு ஒன்பது. 'தேன்குரல்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கு எட்டு. என் தம்பிக்கு ஐந்து.

"ஐந்தா?" என்று வீட்டில் சண்டைக்குப் போனேன்.

"மச்சான்னு சலுகை காட்டினா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றார்.

"சலுகை எனக்குத்தான்கா" என்று தம்பி காதோடு சொன்னான். "ஆறு விழுந்தாப் போதும், வீட்டுக்கு வந்துருவேன்."

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினும் அந்தக் கம்பெனித் தயாரிப்புதான். துணியைச் சுற்றுவதற்குப் பதில் தானே சமையலறை முழுக்கச் சுற்றிவர ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. மேலாளரிடம் பலமுறை முறையிட்டேன். "புகார்ப் பிரிவுக்குப் போன் பண்ணு, வீட்டு விஷயத்தையும் ஆபீஸ் விஷயத்தையும் கலக்கக் கூடாது" என்றார். சரியென்று ஒரு நாள் கடையிலிருந்தே போன் செய்தேன்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க" என்றது தேன்குரல்.

"மெஷின் நிக்கிற இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா."

"ஐயோ மேடம். எவ்வளவு கஷ்டம்! கோவம் வருமே?"

"வருத்தமாத்தான் இருக்கு."

"வருத்தம் போதாது மேடம். கொஞ்சம் கத்துங்களேன்."

"என்னம்மா சொல்றே?"

"சத்தமா திட்டுங்க மேடம். அப்பதான் நான் உருட்ட முடியும். காலையிலேர்ந்து எல்லாரும் மரியாதையாவே பேசறாங்க. எங்க அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போணும். ப்ளீஸ் மேடம்."

எனக்குக் கத்திப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க மெஷின் ரொம்ப மோசம்" என்றேன்.

"இது பத்தாது மேடம். மேனேஜருக்குக் கேக்கணும்."

மேனேஜர் என்ற சொல் காதில் விழுந்ததும் என்ன ஆனதோ தெரியவில்லை. "உங்க மேனேஜர் ஒருத்தர் இருக்காரே, அவருக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? கடலைக் காட்டறேன் காட்டறேன்னு சொல்லி இன்னிக்கு வரைக்கும் ஒரு குட்டையைக்கூடக் காட்டலை! நான் என்ன மனுஷியா, சுவத்துல அடிச்ச ஆணியா?" என்று ஒரு மூச்சு கத்தினேன். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் இருமலை நிறுத்திவிட்டார்.

அந்தப் பக்கம் பகடை உருளும் சத்தம். பிறகு, "பதினொண்ணு! தேங்க்ஸ் மேடம், நல்லா இருப்பீங்க!" போன் வைக்கப்பட்டது. எனக்கும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. இவ்வளவு திருப்தியான வாடிக்கையாளர் சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பைத்தியக்காரப் பொம்பளை போன் பண்ணி என்னையே திட்டினாளாம்" என்றார்.

"அப்படியா? என்ன திட்டினாளாம்?"

"முழுசாக் கேக்கலை. ரொம்ப நாள் கோவம் போலிருக்கு. பாவம், அவ புருஷன்" என்றார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறினேன்.

திட்டம் அமோக வெற்றி. மத்தியானத்துக்குள் பிரிவே காலியாகிவிடும். பாறை பத்து உருட்டிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செய்தி தலைமை அலுவலகத்துக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து பிரிவின் மன உறுதியைப் பார்வையிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆமாம், அதே வெள்ளிக்கிழமை.

என் கணவர் கலங்கவில்லை. அவர் கண் முன்னே பாதாள அறையின் அந்த 'டீம்' வந்து நின்றது. கோளாறு சட்டத்தில் இல்லை, எண்களில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எல்லோருக்கும் பன்னிரண்டு! சோதனை வழக்கம்போல நடக்கும். உருட்டும் உரிமை யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மாலை ஆபீஸ் கேன்டீனில் 'பன்னிரண்டு விழா'. குடும்பத்தாருக்கும் அழைப்பு. முன்வரிசையில் எனக்கு இடம். என் கணவர் மேடையில் பேசினார்.

"நேத்து வரைக்கும் நாம ஏழு, எட்டுன்னு சிதறிக் கிடந்தோம். இன்னிக்கு எல்லாரும் சமம். பன்னிரண்டு இருக்கிறவங்களுக்கு லீவே தேவைப்படாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நின்றது.

"தட்டுக்கா" என்றான் பக்கத்தில் இருந்த தம்பி. "தட்டாட்டி உன்னைப் பதிமூணாக்கிருவார்."

பேச்சுக்கு நடுவே போன் அடித்தது. தேன்குரல் எழுந்துபோய் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் ஒருவர் கத்துவது முன்வரிசை வரை கேட்டது. அவள், "வணக்கம் சார், சொல்லுங்க. வணக்கம் சார், சொல்லுங்க" என்றாள். முகத்தில் ஈ உட்கார்ந்தது. ஓட்டவில்லை.

"பாத்தீங்களா? அசையவே இல்லை!" என்றார் என் கணவர். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளுத்த உதடு, குழிந்த கண், மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள். கடைக்கு வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில் இரும்புச்சத்து டானிக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் பெட்டியை இறக்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொடுக்க வந்த தம்பி வாசல் பக்கமே நின்றுகொண்டான். என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இல்லை... நாளைக்கு அவங்க வர்றாங்கல்ல..."

"ம்."

"அடுத்த மாசம் நிச்சயம்."

"ம்."

"கோவமா?"

"எனக்கு என்ன நம்பர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு பேட்ஜை எடுத்தார். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"மேடையிலேயே குத்தணும்னு இருந்தேன். வெக்கமாப் போச்சு. உனக்குப் பன்னிரண்டும்மா. எல்லாருக்கும் முன்னால உனக்குத்தான் போட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நீ ஓடலியே."

அவ்வளவு பிரியமாகச் சொன்னார். என் புடவைத் தலைப்பில், குத்திவிடாமல் பார்த்துப் பார்த்து மாட்டினார். நான் எப்படி அழாமல் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"தம்பி, அன்னிக்கு மாமா ஒண்ணு கேட்டாரே. எலும்புக்கூடு மட்டும் ஏன் ஓடாதுன்னு. பதில் சொல்லலியே நீ" என்றேன்.

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுங்க தைரியசாலி இல்லை மாமா. அதுங்க ஏற்கெனவே செத்துப்போச்சு. பயந்து ஓடணும்னா உயிர் வேணும்ல?"

என் கணவர் பேட்ஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் பேட்ஜைப் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் இல்லை. செருப்பும் இல்லை, ஆபீஸ் பையும் இல்லை. சரி, கடமைவீரர். நான் பேட்ஜைக் கழற்றிச் சமையலறையில் வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். ஓடுகிற ஜீவன் அது ஒன்றுதான் என் வீட்டில். பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனேன்.

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்தேன். யாராவது கேட்டால் ஆள் வருகிறார் என்று சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பிளாட்பாரத்தின் கோடியில் ஒருவர் ஓடிவருவது தெரிந்தது.

என் கணவருக்கு ஓடத் தெரியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் வாத்து போலத்தான் ஓடுகிறார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் மூடிய முஷ்டி. கார்டு விசில் ஊதினார். நான் கதவுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டினேன். ஏறிவிட்டார்.

"ஆபீஸ்?" என்றேன்.

"எல்லாரோட நம்பரையும் மாத்திட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாருக்கும் ரெண்டு. வரிசையா நிக்கவெச்சு உருட்டச் சொன்னேன். ஒரே நிமிஷத்துல பிரிவு காலி. உன் தம்பிதான் படியில முதல் ஆளு. அந்தப் பொண்ணு போகும்போது சிரிச்சா தெரியுமா? அவளுக்குச் சிரிப்பு வரும்னு எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு என்ன நம்பர்?"

"ஒன்பது போட்டுக்கிட்டேன். உருட்டினேன். பத்து."

"பொய்."

முஷ்டியைத் திறந்தார். என் பகடைகள்.

"எட்டுதான் விழுந்தது" என்றார். "நின்னிருக்கணும். ஓடிவந்துட்டேன்."

கைப்பையை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கடல் நன்றாக இருந்தது. அதைப் பற்றி எழுத இது இடமல்ல. முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. வேலை போயிருக்கும் என்று நினைத்து இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்தோம்.

தலைமை அலுவலகத்தார் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தார்களாம். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தார்களாம். டீ வரும் என்று காத்திருந்து பார்த்து, வராததால் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டார்களாம். அந்த அறிக்கையைத் தம்பி நிறுத்தி நிதானமாகப் படித்தான்:

"இப்பிரிவின் மன உறுதி பூரணமாக உள்ளது. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் கூச்சல் இல்லை, குறை இல்லை. ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. மற்றப் பிரிவுகளும் இதே நிலையை அடைய ஆவன செய்யப்படும்."